மணப்பெண் விரலில் பேனா மை

தேர்தல் வந்துவிட்டால் சென்னை ஆபீசில் ஊருக்கு ஒரு படம் என்று ஒதுக்கிவிடுவார்கள். மலைக் கிராமம் என்றால் கழுதை முதுகில் ஓட்டு மெஷின் போக வேண்டும். கடற்கரை என்றால் மீன்கூடையோடு பெண்கள் வரிசையில் நிற்க வேண்டும். எங்கேயாவது ஒரு தாத்தாவை நாற்காலியோடு தூக்கிவர வேண்டும். திருத்தணிக்கு ஒதுக்கியது கல்யாண ஜோடி. மலைமேல் முருகன் சந்நிதியில் தாலி கட்டிக்கொண்டு இறங்குகிற ஜோடிகளுக்கா பஞ்சம்? மாலையும் கழுத்துமாக அப்படியே பூத்துக்கு வந்து, மை வைத்த விரலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தால் போதும், மூன்று பத்தி அகலத்துக்குப் படம் வரும். அடியில் 'மணக்கோலத்தில் வந்து ஜனநாயகக் கடமையாற்றிய புதுமணத் தம்பதி' என்று ஒரு வரி வரும். யார் முந்துகிறார், யார் பிந்துகிறார், எந்தச் சாதி எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையெல்லாம் முதல் பக்கத்தில் சென்னை ஆட்களே எழுதிக்கொள்வார்கள். திருத்தணி வாயைத் திறக்க வேண்டியதில்லை, சிரித்தால் போதும்.

இது யார் போட்ட சட்டம் என்று ஜெபசீலனைக் கேட்டுப் பாருங்கள், திருதிருவென்று விழிப்பான். இத்தனைக்கும் இருபத்திரண்டு வருஷமாக அவன்தான் அந்தப் பேப்பருக்குத் திருத்தணிப் பகுதிநேர நிருபர். பகுதிநேரம் என்பது சம்பளத்துக்கு மட்டும்தான், வேலைக்கு இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். மனைவி ரெபேக்காள் நர்ஸ். குடும்பம் ஓடுவது அந்தக் கடையிலும் அவள் சம்பளத்திலும்தான். ஆர்.கே.பேட்டையில் தறிகள் நிற்பதைப் பற்றி நாற்பது வரி அனுப்புவான், நாலு வரி வரும். கனகம்மாசத்திரத்தில் பஸ் நிற்காமல் போவதைப் பற்றி முப்பது வரி அனுப்புவான், ஒரு வரியும் வராது. ஆனாலும் அனுப்புவதை நிறுத்த மாட்டான். அப்படி ஒரு ஜென்மம்.

அவன் பேர் சொல்ல ஒரே ஒரு படம் உண்டு. இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு பாராளுமன்றத் தேர்தலில் எடுத்தது. மலையடிவாரப் பள்ளிக்கூடம், பின்னால் வேப்பமரம், மாலையோடு ஒரு ஜோடி, தூக்கிய இரண்டு விரல்கள். எட்டாம் பக்கத்துக்கு ஒதுக்கியிருந்ததை முதல் பக்கத்தில் போட்டார்கள். அதைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்து ஜெராக்ஸ் மெஷினுக்கு மேலே மாட்டியிருந்தான். தினமும் துடைப்பான்.

"வசனக் காலண்டரக்கூட நீங்க இப்படித் தொடைச்சு நான் பாத்ததில்ல" என்பாள் ரெபேக்காள். "கர்த்தர் கோச்சுக்கப் போறாரு."

"கர்த்தருக்கு முதல் பக்கம் வேணாம்மா. எனக்கு வேணும்" என்பான் இவன்.

ஜனவரியில் ஒருநாள் சென்னையிலிருந்து ராஜவேலு போன் பண்ணினார். செய்தி ஆசிரியர். அந்தப் படம் வந்த காலத்தில் அவர் புதிதாகச் சேர்ந்த உதவி ஆசிரியர். ஜனநாயகக் கடமை என்கிற அந்த அடிவரியே அவர் எழுதியதுதான்.

"ஜெபா, இந்த எலக்‌ஷனோட இருபது வருஷம் ஆச்சுய்யா. அதே ஜோடி, அதே ஸ்கூல், அதே மரம். மாலையப் போட்டு விரலத் தூக்கச் சொல்லு. பழைய படம் ஒரு பக்கம், புதுப் படம் ஒரு பக்கம். அந்த ஜோடி இருக்காங்கதானே?"

"இருக்காங்க சார். கே.ஜி.கண்டிகையில டிபன் கடை வெச்சிருக்காங்க."

"அப்புறம் என்ன, பிடிச்சு வை."

அன்றைக்கே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கண்டிகைக்குப் போனான். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு எதிரே அனுசுயாவின் டிபன் கடை. இட்லியும் வடகறியும்தான் பிரதானம். காலை எட்டு மணிக்குப் போனால் உட்கார இடம் கிடைக்காது. கணவன் சுப்பிரமணி ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். கல்யாணம் ஆனபோது மலையடிவாரத்தில் குடியிருந்தார்கள், ரெண்டு வருஷத்தில் கண்டிகைக்கு வந்துவிட்டார்கள். கல்லாவுக்கு மேலே, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய சட்டத்துக்குள், அதே படம் இங்கேயும் தொங்கியது.

ஜெபசீலன் விஷயத்தைச் சொன்னதும் சுப்பிரமணிக்கு வாயெல்லாம் பல். "இந்தத் தொப்பையோடவா ணா?" என்று வயிற்றைத் தடவிக்கொண்டு சவாரிக்குப் போனான். ஆட்டோ சத்தம் மறைகிறவரை அனுசுயா தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு கடைக்குப் பின்னால் கிரைண்டர் ஓடுகிற இடத்துக்கு இவனைக் கூட்டிக்கொண்டு போனாள்.

"ண்ணா, படம் எடுக்கறது இருக்கட்டும். ஒண்ணு சொல்றேன். அவர் காதுல மட்டும் போட்டுடாத."

"இன்னாம்மா?"

"எனக்கு ஓட்டே இல்லண்ணா."

"திருத்தணியில இல்லன்னுதான் எனக்கு அன்னிக்கே தெரியுமே. உனக்கு ஆர்.கே.பேட்டையில..."

"அங்கயும் இல்ல. எங்கயுமே இல்ல. நாப்பது வயசு ஆவுது, ஒரு தடவகூடப் போட்டதில்ல."

அந்தப் படம் எடுத்த நாளை ஜெபசீலன் மறந்தவன் இல்லை. காலையிலிருந்து ஒரு ஜோடியும் சிக்கவில்லை. சாயங்காலம் நாலு மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் இந்த ரெண்டு பேரும். மாப்பிள்ளை ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வருகிறான், பெண் வேப்பமரத்தடியில் நிற்கிறாள். 'எனக்கு இங்க ஓட்டு இல்லீங்க, ஆர்.கே.பேட்டையில' என்று அவள் சொன்னாள். பிலிம் சுருளை ஆறு மணிக்கு சென்னை பஸ் டிரைவரிடம் கொடுத்தாக வேண்டும். 'பரவால்லம்மா, ஒரு புள்ளிதானே' என்று சொல்லி, சட்டைப்பையிலிருந்த மை பேனாவைத் திறந்து அவள் விரலில் ஒரு புள்ளி வைத்தான். அன்றைக்குத்தான் தாலி ஏறிய பெண், புகுந்த வீட்டு ஆட்கள் சுற்றி நிற்கும்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்வாள்? சிரித்தாள். நல்ல சிரிப்பு.

"அதுக்கு அடுத்த எலக்‌ஷனுக்கு அம்மா வீட்டுக்குப் போனேன்" என்றாள் அனுசுயா. "லிஸ்ட்ல பேர் இல்ல. கேட்டா, 'நீதான் திருத்தணியில போட்டுட்டியே, பேப்பர்லயே வந்துச்சே, அதான் எடுத்துட்டோம்'ன்றாங்க. எங்க நைனாதான் அந்தப் பேப்பர வெட்டி வெச்சிகினு தெருத் தெருவா காட்டிகினு இருந்தாராம். பெருமையில, எம் பொண்ணு ஓட்டு இப்ப திருத்தணியிலன்னு அவரே சொல்லிட்டிருக்காரு."

"சரி, கண்டிகைக்கு வந்தப்புறம்?"

"இங்க பேர் எழுத வந்தவங்க அந்தப் படத்தப் பாப்பாங்க. 'உனக்கென்னம்மா, பேப்பர்ல வந்த ஓட்டு'ன்னு சிரிச்சிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிடுவாங்க."

"வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிண்ணா சொல்றது? எங்க மாமியார் இருந்தவரைக்கும் வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் அந்தப் படத்தத்தான் காட்டினாங்க. அவங்ககிட்ட போய் என் பேரையே அடிச்சிட்டாங்கன்னு சொல்வனா? எலக்‌ஷன் வந்தா ஆர்.கே.பேட்டையில ஓட்டுன்னு சொல்லிட்டு பஸ் ஏறிடுவேன். அம்மா வீட்டுல சாப்டுட்டு, நல்லாத் தூங்கிட்டு, சாயந்திரம் வந்துடுவேன். விரல்ல துணி சுத்திக்குவேன், அருவாமணை வெட்டிடுச்சின்னு."

கிரைண்டர் கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஒரு புள்ளி. சும்மா ஒரு புள்ளி வைத்ததாகத்தான் ஜெபசீலன் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தான். அந்தப் புள்ளியை வைத்து இவன் முதல் பக்கத்துக்குப் போனான், அவள் பட்டியலை விட்டே போய்விட்டாள்.

"எனக்கு இந்தத் தடவ போடணும்ண்ணா. நெஜ மை வெச்சுக்கணும். அதுக்கப்புறம் நீ எந்த மரத்தடியில நிக்கச் சொல்றியோ நிக்கறேன்."

அவன் அவளைத் தன் கடைக்கே வரவழைத்தான். புதுப் பேர் சேர்க்கிற படிவத்தைத் தானே நிரப்பினான். ஆதார் ஜெராக்ஸ், ரேஷன் கார்டு ஜெராக்ஸ், எல்லாம் தன் மெஷினிலேயே எடுத்தான். மெஷினுக்கு மேலே தொங்கிய படத்தை அன்றைக்கு அவன் துடைக்கவில்லை. மார்ச்சில் வாக்காளர் அட்டை வந்தது. கண்டிகைப் பள்ளிக்கூடத்தில்தான் ஓட்டு. "ஆர்.கே.பேட்டையிலிருந்து இங்க மாத்திக்கினேன்" என்று கணவனிடம் சொல்லி வைத்தாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

ஓட்டுப்பதிவு வெள்ளிக்கிழமை. ஏழு மணிக்கெல்லாம் பெண்கள் வரிசையில் அனுசுயா நின்றாள். கல்யாணப் பட்டு. ரவிக்கை மட்டும் புதுசாகத் தைத்தது, பழசு எங்கே நுழையும்? ஆண்கள் வரிசையில் சுப்பிரமணி வெள்ளை வேட்டி சட்டையில் நின்றான். ஆட்டோவின் பின் சீட்டில் ரெண்டு மாலைகளை ஈரப் பேப்பரில் சுற்றி வைத்திருந்தார்கள். இங்கே ஓட்டுப் போட்டுவிட்டு நேராகத் திருத்தணிக்குப் போய் அந்த வேப்பமரத்தடியில் மாலையைப் போட்டுக்கொண்டு விரலைத் தூக்கிவிட்டு வருவதாக ஏற்பாடு.

"பத்து மணிக்குள்ள படம் வரணும்யா. வெப்சைட்டுல ஓடணும்" என்று ராஜவேலு காலையிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார்.

நிருபர்களுக்கான அனுமதி அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கேமராவோடு ஜெபசீலன் அறையின் ஓரமாக நின்றான். அனுசுயாவின் முறை வந்தது. முதல் மேசையிலிருந்தவர் அவள் பேரைச் சத்தமாகப் படித்தார்.

"ஆட்சேபணை!" என்று ஒரு குரல் எழுந்தது.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கட்சியின் பூத் ஏஜென்டாக உட்கார்ந்திருந்த ஆதிகேசவன். ரிட்டையர்டு பஸ் கண்டக்டர். மனுஷன் தங்கம்தான், ஆனால் டிக்கெட் இல்லாமல் சொந்த மைத்துனன் ஏறினால்கூடக் கீழே இறக்கிவிட்ட ஆள். தினமும் காலையில் அனுசுயா கடையில் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் அவருக்கு மற்ற காரியம்.

"மேடம், இவ நல்ல பொண்ணு" என்று எழுந்து நின்று ஆரம்பித்தார். "இவ வைக்கிற வடகறிக்கு இந்தப் பக்கத்துல ஈடு கிடையாது. ஆனா இவளுக்கு ஓட்டு திருத்தணியில. இங்கயும் போட்டா ரெண்டு ஓட்டு. அது தப்பு."

"மாமா!" என்றாள் அனுசுயா.

"மாமாதாம்மா. அதுக்காக சட்டத்த விட்டுட முடியுமா?"

தலைமை அதிகாரி ஷாலினி, வெளியூர்க் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். முப்பது வயதுகூட இருக்காது, பூத் வேலைக்கு முதல் தடவை வந்திருக்கிறார். கையேட்டைப் புரட்டினார். "எழுத்து மூலமா ஆட்சேபணை தரணும்னா ரெண்டு ரூபா கட்டணும் சார்" என்றார்.

ஆதிகேசவன் சட்டைப்பையைத் துழாவினார். ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்றுதான் வந்தது. போனில் அனுப்பலாமென்றால் அதை உள்ளே கொண்டுவர அனுமதி இல்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஏம்மா அனுசுயா, ரெண்டு ரூபா சில்லற இருந்தாக் குடு" என்றார்.

அனுசுயா பர்ஸைத் திறந்து ரெண்டு ரூபாய்க் காசை எடுத்துக் கொடுத்தாள். வாசலில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். ஷாலினிகூட உதட்டைக் கடித்துக்கொண்டார். ஆதிகேசவனுக்குச் சிரிப்பு வரவில்லை. காசை மேசைமேல் வைத்துவிட்டு, "ஆதாரம் கொண்டாரேன்" என்று வெளியே போனார். எதிர்க் கடைக்குப் போய், நாற்காலி போட்டு ஏறி, கல்லாவுக்கு மேலிருந்த சட்டத்தைக் கழற்றி, ரெண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தார். பதினெட்டு வருஷமாக நாலு இட்லியோடு சேர்த்துத் தினமும் பார்த்த படம் அவருக்கு அது.

ஷாலினி அடிவரியைப் படித்தார். படத்தையும் பார்த்தார், அனுசுயாவையும் பார்த்தார்.

"இது நீங்களா?"

"ஆங், நான்தாங்க."

"விரல்ல மை இருக்கே."

அனுசுயா தலையைக் குனிந்துகொண்டாள். ஆண்கள் வரிசையிலிருந்து சுப்பிரமணி எட்டிப் பார்த்து, "மேடம், அது சும்மா விளையாட்டுக்கு வெச்ச புள்ளிங்க, அன்னிக்கு அவ போடல" என்று கத்தினான்.

"பொண்டாட்டிக்குப் புருஷன் சாட்சியா? செல்லாது" என்றார் ஆதிகேசவன். "பேப்பர்ல அச்சாகி வந்திருக்கு மேடம். அச்சுல வந்தது பொய்யா இருக்குமா?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. மனதார நம்பித்தான் கேட்டார். அதுதான் ஜெபசீலனைக் குத்தியது. இப்படி நம்புகிற ஒரு ஆள் தினமும் காலையில் பேப்பரைப் பிரித்துப் படிக்கிறார் என்பதை அவன் இத்தனை வருஷத்தில் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

அனுசுயா மெல்லத் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள். சொல் என்று கேட்கவில்லை, வெறுமனே பார்த்தாள். ஓரமாக நழுவி வெளியே போய்விடலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். சொன்னால் ஊர் சிரிக்கும். நாளைக்கே வேறு பேப்பர்க்காரன் எழுதுவான். நிருபர் அட்டையைப் பிடுங்கிக்கொண்டாலும் பிடுங்கிக்கொள்வார்கள். ஜெராக்ஸ் மெஷினுக்கு மேலே அந்தச் சட்டத்தை இனிமேல் எந்த மூஞ்சியோடு மாட்டுவது? ஆனாலும் கால் தானாக மேசைப் பக்கம் நகர்ந்தது.

"பொய்தாங்க" என்றான்.

ஷாலினி கையேட்டை மூடி வைத்தார்.

"அந்தப் படம் எடுத்தது நான்தான் மேடம். அந்தப் பொண்ணு அன்னிக்கு ஓட்டுப் போடல. எனக்கு இங்க ஓட்டு இல்லன்னு என்கிட்ட சொல்லுச்சி. நான்தான் கேக்கல. விரல்ல இருக்கறது என் பேனா மை. நானே வெச்சேன். முதல் பக்கத்துல வந்துச்சி."

"அடப்பாவி மனுசா" என்றது வரிசையிலிருந்து ஒரு பெண்குரல். ஆதிகேசவன் படத்தைப் பார்த்தார், ஜெபசீலனைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். வீட்டு ஆள் யாரோ ஏமாற்றிவிட்டது மாதிரி அவர் முகம் சுருங்கிப்போனது.

ஷாலினி பேனாவை எடுத்தார். "சரி, அங்க போடல. அப்போ இத்தனை வருஷமா எங்கம்மா போட்டீங்க?"

இந்தக் கேள்விதான் வரக் கூடாது என்று ஜெபசீலன் நினைத்துக்கொண்டிருந்தான். பத்தடி தூரத்தில் சுப்பிரமணி காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறான். ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று இவன் வாயெடுப்பதற்குள் அனுசுயா நிமிர்ந்துவிட்டாள்.

"எங்கயும் இல்லீங்க மேடம். இந்தப் படத்தப் பாத்துட்டு எங்க ஊர்ல பேர எடுத்துட்டாங்க. இந்தப் படத்தப் பாத்துட்டு இங்கயும் எழுதல. இன்னிக்குத்தான் மொத தடவ. அவருக்குக்கூடத் தெரியாது."

 ஷாலினி ஒரு தாளில் நாலு வரி எழுதி ஜெபசீலனிடம் நீட்டினார். அவன் கையெழுத்துப் போட்டான். "ஆட்சேபணை தள்ளுபடி" என்றார் ஷாலினி. "ஆட்சேபணை பொய்னு வந்தா காசத் திருப்பித் தரக் கூடாது சார்" என்று ஆதிகேசவனிடமும் சொல்லிவைத்தார்.

"காசு கெடக்கட்டும் மேடம், அது அவளுதுதான்" என்றார் ஆதிகேசவன். "போடும்மா. போய்ப் போடு. யாருக்கு வேணாப் போடு."

"சார், பூத்துக்குள்ள அப்படியெல்லாம் பேசக் கூடாது" என்று ஷாலினி அதட்டினார்.

மை வைத்தார்கள். நகத்துக்கு மேலே ஆரம்பித்து ஒரு கோடு. அனுசுயா அந்த விரலை மற்ற விரல்களில் படாமல் தனியாக நீட்டிப் பிடித்துக்கொண்டே மறைவுக்குள் போனாள். ரொம்ப நேரம் ஆன மாதிரி இருந்தது. பிறகு பீப் என்று நீளமாக ஒரு சத்தம். எத்தனையோ தேர்தலில் எத்தனையோ தடவை கேட்ட சத்தம்தான். அன்றைக்கு ஜெபசீலனுக்குக் கண் கலங்கிவிட்டது. கேமராவைப் பார்ப்பது மாதிரி குனிந்துகொண்டான்.

வெளியே புங்கமரத்தடியில் அனுசுயா நின்றாள். ஓட்டுப் போட்ட சந்தோஷத்தைவிட இப்போது கணவன் வருகிற பயம்தான் முகத்தில் தெரிந்தது. சுப்பிரமணி தன் ஓட்டைப் போட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிதானமாக வந்தான்.

"திட்டறதுன்னா வூட்டுல போய்த் திட்டு" என்றாள் அவள்.

"எதுக்குத் திட்டறது? எனக்குத்தான் தெரியுமே."

"இன்னா தெரியும்?"

"எலக்‌ஷனுக்கு எலக்‌ஷன் அதே விரலத் தேடி வந்து அருவாமணை வெட்டுமா? அதுவும் அம்மா வூட்டுக்குப் போற அன்னிக்கு மட்டும்? துணியப் பிரிச்சா கீறல்கூட இருக்காது. நான் இன்னா அவ்ளோ மக்கா?"

அனுசுயா வாயைப் பிளந்தபடி நின்றாள். "தெரிஞ்சிகினேவா கம்முனு இருந்த?"

"அந்த ஒரு நாளுதான் நீ அடுப்ப அணைச்சிட்டுப் போய் உங்கம்மா வூட்டுல மதியானம் தூங்குவ. திரும்பி வரப்ப மூஞ்சி அப்படித் தெளிஞ்சிருக்கும். பேர சேத்துட்டா அந்த நாளும் போயிடுமேன்னு விட்டுட்டேன்."

"அடப்பாவி! அதுக்கு ஒரு ஓட்டையே விடுவாங்களா? தூங்கறதுக்கு எலக்‌ஷன்தான் வரணுமா? மாசத்துல ஒரு நாளு போய்ட்டு வாடின்னு சொன்னா ஆவாதா?" கைப்பையாலேயே அவன் தோளில் ரெண்டு போட்டாள். மூன்றாவதுக்குச் சிரித்துவிட்டாள். சிரிப்போடு அழுகையும் வந்துவிட்டது. அவன் அவள் கையைப் பிடித்து, விரலை வெயிலில் தூக்கி, மையை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

ஜெபசீலன் படம் எடுத்தான். நில் என்று சொல்லவில்லை, சிரி என்று சொல்லவில்லை. மாலைகள் ஆட்டோவில் ஈரப் பேப்பருக்குள்ளேயே கிடந்தன.

பத்தேகாலுக்கு ராஜவேலு கூப்பிட்டார். "எங்கய்யா மரம்?"

"மரத்துக்குப் போகல சார். இங்கயே எடுத்துட்டேன். செய்தி எழுதி அனுப்பறேன், படிங்க."

ஸ்கூட்டர் சீட்டில் உட்கார்ந்துகொண்டு போனிலேயே நாற்பது வரி எழுதினான். பேனா மையில் ஆரம்பித்து, பட்டியலில் அடிபட்ட பேர், அருவாமணை, ஆட்சேபணை, ரெண்டு ரூபாய், ஒன்று விடவில்லை. கால் மணி நேரத்தில் ராஜவேலு திரும்பக் கூப்பிட்டார்.

"அந்த அடிவரி நான் எழுதினதுய்யா" என்றார்.

"தெரியும் சார்."

"எங்கப்பாகிட்ட காட்டின முதல் வரி அது." பெருமூச்சு விட்டார். "நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா நம்ம பேப்பர் பொய் போட்டுச்சுன்னு நம்ம பேப்பர்லயே எப்படிய்யா போடறது? மேல கேட்டுப் பாக்கறேன்."

மறுநாள் காலை பேப்பர் வந்தது. முதல் பக்கம் முழுக்க எத்தனை சதவீதம், யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம், எந்தச் சமுதாயம் யார் பக்கம் என்று கலர் கலராகக் கட்டம் போட்டிருந்தது. எட்டாம் பக்கத்தில் அந்தப் பழைய படம், மூன்று பத்தி அகலத்துக்கு. ஓரத்தில் கட்டை விரல் அளவுக்குப் புதுப் படம். அழுகை தெரியாமல், சுப்பிரமணி தெரியாமல், அனுசுயாவின் சிரிப்பை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள். நாற்பது வரிக்குப் பதிலாக ஒரு வரி. 'இருபது ஆண்டுகளுக்கு முன் மணக்கோலத்தில் வாக்களித்த தம்பதி நேற்றும் தவறாமல் வாக்களித்தனர்.'

ஜெபசீலன் பேப்பரை மடித்துக் குப்பைக் கூடையில் போட்டான். ரெபேக்காள் அதை எடுத்துப் பிரித்துப் படித்தாள். அன்றைக்கு அவள் கிண்டல் பண்ணவில்லை.

"போய் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டு வாங்க" என்றாள்.

"எந்த மூஞ்சிய வெச்சிகினு போறது?"

"நேத்து பூத்துல காட்டின மூஞ்சி இருக்குதில்ல, அத எடுத்துகினு போங்க."

கண்டிகையில் கடை நிறைய ஆட்கள். ஆதிகேசவன் இட்லித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, பேப்பரை விரித்துக்கொண்டு இரைந்துகொண்டிருந்தார். "தவறாமல்னு போட்டிருக்கான்! நான் உக்காந்திருந்த பூத்து! நானே சாட்சி! இதுக்கு யார்கிட்டயா ஆட்சேபணை கொடுக்கறது?" ஜெபசீலனைப் பார்த்ததும் குரலை இறக்கி, "நீ எழுதினதா இது?" என்று கேட்டார்.

"இல்ல மாமா. நான் எழுதினத வெட்டிட்டாங்க."

அனுசுயா கரண்டியை வைத்துவிட்டு வந்தாள். கோபம் ஏதும் இல்லை. கையை நீட்டி விரலைக் காட்டினாள். "பாருண்ணா, நேத்திலேருந்து மூணு தடவ சோப்பு போட்டேன். போகல." சின்னப் பெண் மாதிரி அவளுக்கு அதில் ஒரு பூரிப்பு. கல்லா மேசையில் அந்தச் சட்டம் கிடந்தது. திரும்ப மாட்டியிருக்கவில்லை. "இத மாட்டவும் மனசு வரல, தூக்கிப் போடவும் மனசு வரல. சிரிப்பு என்னுதுதானே, நல்லாத்தானே இருக்கேன். பேனா வெச்சிருக்கியா?"

"இருக்கு. இன்னாத்துக்கு?"

"அடியில எழுதிக் குடு. பேப்பர்ல எழுதறியே, அப்படி."

"இன்னான்னு எழுத?"

"நடந்தத எழுது."

பார்சல் கட்டுகிற வெள்ளைத் தாளில் ஒரு துண்டைக் கிழித்துக்கொண்டு ஜெபசீலன் ஓரமாக உட்கார்ந்தான். மூன்றே வரி. அதற்கு அரை மணி நேரம் ஆனது. எழுதி முடித்ததும் ஆதிகேசவன் வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு ரெண்டு தடவை படித்தார். "ஆட்சேபணை இல்ல" என்றார். சுப்பிரமணி பசை தடவி, அச்சடித்த வரிக்கு மேலேயே, அது தெரியாதபடி ஒட்டினான். நாற்காலி போட்டு ஏறிப் பழைய இடத்திலேயே மாட்டினான்.

'படத்தில் உள்ள அனுசுயா அன்று ஓட்டுப் போடவில்லை. விரலில் இருப்பது என் பேனா மை. இருபது வருஷம் கழித்து நேற்று போட்டார். - ஜெபசீலன், நிருபர்.'

இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு எழுத்தும் வெட்டுப்படாமல் வந்த அவனுடைய செய்தி அது ஒன்றுதான். அன்றைக்கு இட்லி சாப்பிட வந்தவர்கள் எல்லோரும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் படித்தார்கள்.